கூவை மாவும் கார்த்திகைத் தண்ணீரும்

சமையலறைக் கதவைத் திறந்து பின்பக்கம் வந்தபோது, துவைகல்லுக்கு அருகில் மண் வெள்ளையாக இருந்தது.

தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. எங்கள் மலையின் மண் சிவப்பு. நனைந்தால் இன்னும் அடர்ந்து தெரியும். அந்தச் சிவப்பின் மேல் யாரோ பால் பாத்திரத்தைத் தவறவிட்டது போல ஒரு வெண்திட்டு. துளி விழ விழ அது இளகி, நூல் நூலாகப் பிரிந்து, சாமந்திப் பாத்தியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

துவைகல்லின் மேல் எவர்சில்வர் தூக்கு ஒன்று கவிழ்ந்திருந்தது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அடியில் ஒரு கறை இல்லை.

என் கணவர் ஞானம், பின்வாசல் தாழ்வாரத்தில் பிரம்பு மோடாவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சட்டையின் முன்கை இரண்டும் நனைந்திருந்தன. நெடுநாளாக அந்த முகத்தில் நான் பார்த்திராத ஒரு நிறைவு இருந்தது.

"டீச்சரம்மா, தண்ணி வேல முடிஞ்சுதுங்க. அத்தன பாத்திரமும் இறுத்தாச்சு," என்றார்.

கேலி செய்யும்போது மட்டுமே அவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசுவார். மற்ற நேரங்களில் நான் 'புள்ள'தான். கேலி திரும்பி வந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு கணம் மகிழ்ச்சி. மறுகணம் அந்த வெண்திட்டு என்னவென்று புரிந்துவிட்டது. அவர் வண்டல் என்று கழுவிக் கொட்டியது அவருடைய சொந்த ஆகாரத்தை.

குழாயில் வரும் மண்

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ஏரியையும் பனியையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கார்த்திகை அடைமழையில் எங்கள் தெருக் குழாயைத் திறந்து பார்ப்பதில்லை. ஊற்று நீர் மழையோடு சேர்ந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும். குடத்தில் பிடித்தால் பால் விடாத தேநீரின் நிறம்.

அதைப் பாத்திரங்களில் ஊற்றி, மூடி, அசையாமல் ஓரிரவு வைப்போம். காலையில் மண் அடியில் தங்கியிருக்கும். மேலே தெளிந்த நீரை வேறு குடத்துக்கு மெல்லச் சாய்த்துவிட்டு, அடியில் உள்ளதைச் செடிக்கு ஊற்றுவோம். தெளிந்த நீரைக் காய்ச்சிக் குடிப்போம். சில வீடுகளில் குடத்தின் உட்பக்கம் தேத்தாங்கொட்டையை உரைத்து, இன்னும் விரைவாகத் தெளிய வைப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. அவருக்கு அது பிடிக்காது. மண் தானாக இறங்கட்டும் என்பார்.

இப்படி நீரை இறுத்தெடுக்கும் வேலை எங்கள் வீட்டில் அவருடையது. தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். காப்பிப் பழத்தைத் தொட்டியில் கொட்டி, மிதப்பதை வழித்தெடுத்து, மூழ்கியதை மட்டும் தோலுரிக்க அனுப்பும் வேலையைப் பல பருவங்கள் பக்கத்தில் நின்று பார்த்தவர். நீருக்கு முன்னால் அவருக்கு ஒரு நிதானம் வந்துவிடும். பாத்திரத்தைச் சாக்கு மடிப்பின் மேல் சாய்த்து, அதன் விளிம்பில் மரத்துடுப்பு ஒன்றை அணைத்துப் பிடித்தால், நீர் துடுப்பைப் பற்றிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கும். அவ்வேளையில் நான் பேசினால் பதில் வராது.

"நீங்க பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துங்க. ஊத்தறத நான் பாத்துக்கறேன்," என்று என்னை விரட்டிவிடுவார்.

பாடம் நடத்தியது உண்மைதான். 'தெளிய வைத்து இறுத்தல்' ஆறாம் வகுப்பு அறிவியலில் வரும். பணி ஓய்வு வரை, வருடம் தவறாமல், கண்ணாடிக் குவளையில் மண்ணைக் கரைத்து மேசைமேல் வைத்துவிட்டு, அது படியும்வரை பிள்ளைகளை அமைதியாக உட்கார வைக்கப் பாடுபட்டிருக்கிறேன். அறிவியல் வகுப்பில் அமைதியாக இருக்க வேண்டியது மண்தான், மாணவர்கள் அல்ல என்று அவர்கள் நினைத்தார்கள் போலும்.

ஒருமுறை, கடைசி வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள். "டீச்சர், மேல இருக்கறத வெச்சுக்கோணுங்களா, கீழ இருக்கறத வெச்சுக்கோணுங்களா?"

"எது வேணுமோ அத வெச்சுக்கோ, கண்ணு," என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்காமல் அதையே எழுதிக்கொண்டாள்.

கட்டிலில் கட்டிய கைகள்

சில மழைக்காலங்களுக்கு முன்னர், அவருக்குத் தொண்டையில் புற்று என்று சொன்னார்கள். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நோய் அடங்கியது, தொண்டை வெந்துபோனது. சோறு போகாது. இட்லியைக் கரைத்துக் கொடுத்தால் எரியும். வெறும் தண்ணீர் புரையேறும். சத்துமாவு டப்பாக்களின் வாசனையே அவருக்குக் குமட்டியது. கழுத்துப்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே தெரியத் தொடங்கியது.

மருத்துவர் இளைஞர், நல்ல மாதிரி. எடை பார்க்கும் இயந்திரத்திலிருந்து அவரை இறக்கிவிட்டு, என்னிடம் சொன்னார்: "இன்னும் கொறைஞ்சா தாங்காதும்மா. அடுத்த தடவை வரும்போது எடை ஏறலைன்னா மூக்கு வழியா குழாய் போட்டுரலாம். சாப்பாடு நேரா வயித்துக்குப் போயிரும்."

எடை பார்த்த வார்டிலேயே, ஒரு கட்டிலில், அந்தக் குழாய் போட்ட ஒருவர் படுத்திருந்தார். நினைவு தெளியாத நிலையில் குழாயைப் பிடுங்கிவிடுகிறாராம். அதனால் இரண்டு கைகளையும் துணிநாடாவால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். நான் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் கணவர் திருப்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

மலையேறும் பஸ்ஸில் முதல் வளைவு வந்ததும், "எது வேணாலும் பண்ணு புள்ள. அது மட்டும் வேண்டாம்," என்றார்.

"வேண்டாங்க," என்றேன். சொல்வது எளிதாக இருந்தது.

செல்வி கொண்டுவந்த கிழங்கு

எங்கள் வீட்டுக்குக் கீழே, சரிவில் இருப்பவள் செல்வி. எஸ்டேட்டில் வேலை. ஒருநாள் மாலை முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்து, சமையலறை வாசற்படியில் கொட்டினாள். விரல் நீளத்தில், செதில் செதிலாகத் தோலுடன், வெளுத்த கிழங்குகள்.

"ஏனுங்க டீச்சர், ஐயாவுக்குக் கூவக் கஞ்சி குடுத்துப் பாத்தீங்களா? என்ற மாமியாளுக்குக் கடைசிக் காலத்துல எதுவும் எறங்கலீங்க. இது மட்டுந்தான் வழுக்கிட்டுப் போச்சு."

உள்ளறையிலிருந்து கரகரத்த குரல் வந்தது. "செல்வி, என்னைய இப்ப எந்தக் காலத்துல சேத்திருக்கற?"

செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "மழைக் காலத்துலதானுங்க ஐயா. வேற எங்க சேத்தறது?"

கூவை எனக்குப் புதிதல்ல. கடையில் ஆரோரூட் மாவு என்று பொட்டலத்தில் கிடைப்பதும் அதுவே. அந்தப் பொட்டலத்தையும் வாங்கிப் பார்த்தேன். கஞ்சியில் ஒரு புளித்த வாடை வந்தது, அவர் தள்ளிவிட்டார். செல்வியின் கிழங்கில் செய்த கஞ்சி இறங்கியது. கண்ணாடிபோல் தெளிந்து, கெட்டியாக, வழுவழுவென்று இருக்கும். அதில் மருத்துவர் தந்த சத்துப்பொடியைக் கலந்தால் அதன் வாசனையும் அடங்கிப்போகும். முதல் நாள் ஒரு கிண்ணம் முழுவதும் குடித்துவிட்டு, கிண்ணத்தைத் திருப்பிக் காட்டினார், பிள்ளைகள் காட்டுவதுபோல.

அதிலிருந்து என் நாட்கள் கிழங்குக்குச் சொந்தமாயின.

தோல் சீவ வேண்டும். அது ஒட்டிக்கொண்டு எளிதில் வராது. துருவ வேண்டும், அரைக்க வேண்டும், நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டிச் சக்கையைப் பிழிந்தெறிய வேண்டும். பால்போன்ற அந்த நீரைப் பாத்திரத்தில் தெளிய வைத்தால், மாவு அடியில் இறுகும். மேல் நீரில் கசப்பு இருக்கும். அதை இறுத்துவிட்டுப் புது நீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி தெளிய வைத்து, மறுபடி இறுத்து, கசப்பு போகும்வரை இதையே செய்ய வேண்டும். வெயில் இருந்தால் மாவைக் காய வைத்து எடுத்துவிடலாம். அந்தக் கார்த்திகையில் எங்கள் மலைக்கு வெயில் வரவில்லை. ஈர மாவை அப்படியே நீருக்கடியில் வைத்து, காலையும் மாலையும் நீரை மாற்றி, வேண்டும்போது கரண்டியால் சுரண்டி எடுத்துக் காய்ச்சினேன்.

இடையில் அவருக்கு மருந்து, துணி, உப்பு நீரில் வாய் கொப்பளிப்பு. எங்கள் மகள் பெங்களூரில் இருந்து தினமும் போனில் அழுதாள். அவளைத் தேற்றுவதும் ஒரு வேலை. அவர் செய்துவந்த தண்ணீர் வேலையும் இப்போது என்னுடையது. சமையலறை மேடையில் இடம் போதாமல், மண் தெளியும் பாத்திரங்களையும் மாவு தெளியும் தூக்கையும் ஒரே பலகையில் வரிசையாக வைத்திருந்தேன். எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர். எல்லாவற்றிலும் மேலே தெளிவு, அடியில் ஏதோ ஒன்று.

படிக்கும் பழக்கம் எனக்குச் சிறுவயது முதல் உண்டு. அந்த மாதங்களில் ஒரு புத்தகத்தையும் திறந்ததாக நினைவில்லை. திறந்திருந்தால் அதன்மேல் தலைவைத்துத் தூங்கியிருப்பேன்.

கெட்டியான வண்டல்

இப்போது அந்தக் காலைக்குத் திரும்புகிறேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மருத்துவமனையில் எடை பார்க்கும் நாள். தூக்கில் இருந்தது அந்த நாளுக்கும், பயணத்துக்கும், திரும்பி வந்த பின்னும் வேண்டிய மாவு. முந்தின நாள் முழுவதும் அதற்காக உட்கார்ந்திருந்தேன். துருவியைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன் என்று அவர் பின்னால் சொன்னார்.

விடியும் நேரம் கரண்ட் இல்லை. பனி சன்னலோடு நின்றது. நான் எழவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, அவராக எழுந்து, கண்ணாடி போடாமல், சுவரைப் பிடித்துச் சமையலறைக்குப் போயிருக்கிறார். பலகையில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சாய்த்து, துடுப்பை அணைத்து, பழைய நிதானத்தில் இறுத்திருக்கிறார். கூவை மாவு இறுகும்போது மேலே பழுப்பாக ஒரு படலம் படியும். அந்த மங்கலில் அது மண்ணாகத் தெரிந்திருக்கும். தெளிந்ததைக் குடத்தில் சேர்த்துவிட்டு, அடியில் இருந்ததை வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். எங்கள் வீட்டில் அடியில் இருப்பதை யாரும் என்றும் வைத்துக்கொண்டதில்லை.

"இந்த வருஷம் வண்டல் கெட்டி," என்றார் மோடாவில் உட்கார்ந்தபடி. "ஒண்ணுல சொரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்துது."

தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அடுப்படியில் நின்றேன். என்ன செய்வது என்று யோசித்தேன் என்று சொல்ல முடியாது, யோசனை வரவில்லை. நின்றேன், அவ்வளவுதான்.

வெளியிலிருந்து அவர் கூப்பிட்டார். "கஞ்சி ஆச்சா, புள்ள? இன்னைக்குப் பசிக்குது."

பசிக்கிறது என்று அவர் சொல்லிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, மசித்து, வடிகட்டிக் கொடுத்தேன். ஒரு வாய் எடுத்தார். முகம் சுளித்தது. இரண்டாவது வாயில் இருமல் பிடித்துக்கொண்டது. கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்போது செல்வி, வேலைக்குப் போகும் வழியில், தலைமேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு பின்வழியாக வந்தாள். துவைகல் அருகே நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், மாவையா கொட்டிப்போட்டீங்க? நேத்தெல்லாம் உக்காந்து பண்ணுனீங்களே."

கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் பார்க்கவில்லை, மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இருமல் நின்றது. துவைகல் பக்கம் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த குடத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"நான் கொட்டுனது, செல்வி," என்றார்.

செல்விக்கு அப்போதுதான் விளங்கியது. பிளாஸ்டிக் தாளின் ஓரத்தைத் திருகினாள். "அதனால என்னங்க ஐயா. சாமந்தி இந்த வருஷம் நல்லாச் சாப்புடட்டும். சாயங்காலம் நான் இன்னுங் கொஞ்சம் கெழங்கு நோண்டிட்டு வாரனுங்க. காட்டுல நொம்பக் கெடக்குது."

"சாமந்தி எட போடுதான்னு பாக்கோணும்," என்றார் அவர். சிரிக்க முயன்றார். சிரிப்பு மறுபடி இருமலாகிவிட்டது.

துருவி

செல்வி மாலைவரை காத்திருக்கவில்லை. மதிய உணவு இடைவேளையில் மழையிலேயே கிழங்கு கொண்டுவந்து போட்டுவிட்டு ஓடினாள். நான் தோல் சீவத் தொடங்கினேன். மாவு தெளிந்து, கசப்பு நீங்கி, கஞ்சிக்கு ஆக மறுநாள் விடிந்துவிடும். கணக்கு சரியாக வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விரல்நுனி ஒன்று துருவியில் பட்டுத் தோல் போனது. சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு தொடர்ந்தேன்.

அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். தரையில் உட்கார்ந்து எழுவது அவருக்கு அப்போது சிரமம். நாற்காலி கொண்டுவரட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையசைத்தார். சிறிது நேரம் துருவியையே பார்த்திருந்தார். பிறகு கையை நீட்டி, அதை என் கையிலிருந்து வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"குடுங்க. நேரமில்ல," என்றேன்.

"போதும் புள்ள."

"என்ன போதும்? நாளைக்கு எடை பாக்கறாங்க."

"பாக்கட்டும். எட ஏறியிருக்காது. உனக்கும் தெரியும்." தொண்டையைத் தடவிக்கொண்டு மூச்செடுத்தார். "நாளைக்கே கொழாயப் போட்டுக்கறேன்."

நான் எதிர்பார்க்கவில்லை. அதைவிட, அந்தச் சொல்லைக் கேட்டதும் என் தோள்கள் தாமாகத் தளர்ந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் அதைக் கவனித்தார்.

"வேண்டாம்னு சொன்னீங்களே. நான் பண்ணிருவேங்க. இந்தக் கெழங்கு ஒண்ணும் பெரிய வேல இல்ல."

"காலைல நீ ஒரு வார்த்தை திட்டியிருந்தா நான் சும்மா இருந்திருப்பேன். திட்டறதுக்குக்கூட உனக்குத் தெம்பில்ல. நின்னுட்டுப் போன." மறுபடி மூச்செடுத்தார். "ஒண்ணே ஒண்ணு. கையக் கட்டக்கூடாதுன்னு நீ அவங்ககிட்டச் சொல்லோணும்."

"கட்ட மாட்டாங்க. நீங்க நெனவோட இருக்கறீங்க. நான் புடிச்சுக்கறேன்."

"கெட்டியாப் புடி. நான் இழுத்தாலும் இழுத்துருவேன்."

சீவிய கிழங்கு தட்டில் கருத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை

எடை குறைந்திருந்தது. மருத்துவர் பேச வாயெடுக்கும் முன் அவரே மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

நர்ஸ் சிறு பெண். "முழுங்குங்க ஐயா, முழுங்குங்க, இன்னொரு தடவை, அவ்வளவுதாங்க," என்று தாலாட்டுபோலச் சொல்லிக்கொண்டே குழாயை இறக்கினாள். நான் அவருடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்திருந்தேன். அவர் இழுக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது; நர்ஸ் துடைத்துவிட்டாள். முடிந்த பிறகும் நான் பிடியை விடாமல் இருந்தேன். "விடுங்கம்மா, ஆச்சு," என்று அவள்தான் என் விரல்களைப் பிரித்தாள்.

குழாயில் என்ன ஊற்றுவது, எவ்வளவு மெல்ல ஊற்றுவது, எப்படிக் கழுவுவது என்று சொல்லிக்கொடுத்தாள். முதல் ஊற்று அங்கேயே நடந்தது. வாசனையோ எரிச்சலோ இருமலோ இல்லை. அவர் வியப்போடு வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் குறைவு. முன்னிருக்கையில் ஒரு குழந்தை திரும்பிக் குழாயைப் பார்த்தது. அவர் அதற்குக் கண்ணடித்தார். நான் சன்னலோரம் உட்கார்ந்தேன். அடிவாரத்தில் வண்டி நின்றதும், யாரோ வெள்ளரிக்காய் விற்றதும் நினைவிருக்கிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஒரு வளைவும் எனக்குத் தெரியாது.

விழித்தபோது பஸ் நின்றிருந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. இருக்கைகள் காலி. சன்னலுக்கு வெளியே ஏற்காடு பஸ் நிலையம், ஈரத் தரை, நாய்கள். என் தலை அவர் தோளில் இருந்தது. அவருடைய ஒரு கை என்னைச் சாயவிடாமல் அணைத்திருந்தது. மற்றொரு கை, பொறு என்று சொல்வதுபோலப் படிக்கட்டை நோக்கி நீண்டிருந்தது. அங்கே கண்டக்டர் டீ கிளாஸோடு நின்றிருந்தார்.

"ஐயா எழுப்ப உடலீங்கம்மா," என்றார் கண்டக்டர். "டிரைவரும் சரி இருக்கட்டும்னுட்டாரு. டீயும் ஆச்சு, பஜ்ஜியும் ஆச்சு. இனி வண்டியத் திருப்பலீன்னா கீழ திட்டுவாங்க, அதானுங்க."

நான் பதறி எழுந்து, பையைத் தேடினேன்.

"முழிச்சுட்டியா," என்றார் அவர். அந்தக் கரகரத்த குரலில் ஏமாற்றம் இருந்தது.